‘தயங்கு’ என்னும் வினைச்சொல்

உத்ஸவ மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு திருக்கோயில் அன்பர்கள் கேட்டபொழுது, ஸ்தல மஹாத்மியம் எழுதுவோர் பலர் இருக்க, அடியேன் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன் என்று விண்ணப்பித்துக்கொண்டேன். அந்தச் சொல் ‘தயங்கு’ என்பதாகும். இவ்வூருக்கு முதன்முறை வரும் வைஷ்ணவ அன்பர்களுள் சிலர், “தேவாரம் என்று ஊர்ப்பெயர் இருக்கிறதே, அங்கே பெருமாளைச் சேவிக்க முடியுமா?” என்று பஸ் நிலையத்திலேயே சற்றுத் தயங்குவதுண்டு. ஆகவே இச்சொல்லுக்கும் நம் ஊருக்கும் ஒரு வகையில் உறவு உண்டென்றே கொள்ளலாம்.

தயங்குதல் என்றால் என்ன? சந்தேஹப்படுதல் என்று சிலர் சொல்லுவர். பயப்படுதல் என்று சிலர். தாமதித்தல் என்று வேறு சிலர். மூன்றும் முழுப் பொருள் ஆகா. பயமில்லாதவனும் தயங்குவான். சந்தேஹமே இல்லாதவனும் தயங்குவான். இதனைப் பின்னே விரித்துக் காட்டுகிறேன். தாமதமோ பஸ் கிடைக்காமையாலும் நேரும். செய்ய வேண்டிய செயல் ஒன்று கண்முன்னே நிற்க, கால் எடுத்து வைக்கப் போகும் அந்தத் தறுவாயில் மனம் முன்னும் பின்னுமாக அசைந்து நிற்றலே தயங்குதலாம். ஆகையால்தான் இச்சொல், செய்யப்போகும் செயலைக் குறிக்கும் எச்சத்தைப் பெரும்பாலும் தன் முன்னே வைத்துக்கொள்ளுகிறது. சொல்லத் தயங்கினான், கேட்கத் தயங்கினாள், உள்ளே வரத் தயங்குகிறார்கள். எச்சத்தின் பின் ஒற்று மிகுந்து வருதலைக் கவனித்து எழுத வேண்டும். வெறுமனே ‘தயங்கினான்’ என்று எழுதினாலும் கேட்பவர் மனம் ‘எதைச் செய்ய?’ என்று உடனே வினவும். ‘ஐயுற்றான்’ என்றால் அவ்வாறு வினவாது, ‘எதைப் பற்றி?’ என்றே வினவும். ஐயம் அறிவைச் சேர்ந்தது. தயக்கம் செயலைச் சேர்ந்தது. இந்த ஒரு பேதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

ஆனால் இச்சொல்லின் பழைய வரலாறு வேறு. சங்க நூல்களைக் கற்றோர் அறிவர்: அங்கே தயங்குவன கடலின் அலைகள், தளிர்கள், நீர்த்துளிகள், அணிகலன்கள். அசைதல் என்பதும் ஒளிவிடுதல் என்பதும் இச்சொல்லின் பழம்பொருள்கள். 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியைப் புரட்டினும் இப்பொருள்களைக் காணலாம். அசைதலும் ஒளிர்தலும் எவ்வாறு ஒரே சொல்லுக்குள் அடங்கின என்று வியக்க வேண்டுவதில்லை. காலை வெயிலில் வாய்க்கால் நீரைப் பாருங்கள். நீர் அசையாது கிடந்தால் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டும். அசைந்தால்தான் துண்டு துண்டாக மின்னும். அசைவே அங்கே ஒளியாகிறது. கர்ப்பக்ருஹத்தில் தீபாராதனை ஆகும்பொழுது இதை இன்னும் நன்றாகக் காணலாம். காற்றில்லாத உள்ளறையிலும் அர்ச்சகனின் கை அசைவால் சுடர் ஒரு கணம் சாய்ந்து நிமிரும். அந்தச் சாய்தலில்தான் பெருமாள் திருமேனியிலுள்ள பதக்கமும் திருநாமமும் ‘பளிச்’சென்று தெரிகின்றன. பழந்தமிழ்ப் புலவன் அருகில் நின்றிருந்தால் சுடர் தயங்குகிறது என்றே சொல்லியிருப்பான். குறையாகச் சொல்லியிருக்க மாட்டான்.

வெளியே அசைந்த அலையும் சுடரும் உள்ளே புகுந்து மனத்தின் அசைவாகப் பிற்காலத்தில் பொருள் கொண்டன என்பது அடியேனுடைய கருத்து. ஒளிப்பொருள் வழக்கில் மங்கிவிட்டது. இன்று ஒருவர் “நகை தயங்குகிறது” என்று சொன்னால் நகைக்கடைக்காரர் விழிப்பார்.

இதன் அருகிலுள்ள சொற்களையும் சிறிது பார்ப்போம். மயங்குதல் ஒன்றை மற்றொன்றாகக் கலந்து காணல். கலங்குதல் அடிமண் மேலெழுந்த நீர்போல் ஆதல். திகைத்தல் எதிர்பாராதது எதிர்ப்பட்டுச் செயலற்று நிற்றல். தடுமாறுதல் நடக்கத் தொடங்கியபின் அடி பிறழ்தல். கூசுதல் உடம்பாலும் நாணத்தாலும் சுருங்குதல். நம் பள்ளத்தாக்கில் பேச்சு வழக்கில் இவையெல்லாவற்றுக்கும் ‘ரோசனை’ என்ற ஒன்றே போதுமானதாக இருக்கிறது. “என்ன ரோசனை பண்ணிக்கிட்டு நிக்கிறே?” என்றால் தயக்கமும் வரும், திகைப்பும் வரும், கையில் காசில்லாமையும் வரும். யோசனை என்ற ஸம்ஸ்க்ருதச் சொல் மலையடிவாரத்துக்கு வந்து எடுத்துக்கொண்ட உருவம் அது.

இனி இலக்கணத்தில் ஒரு நயம். மயங்கு என்னும் தன்வினைக்கு மயக்கு என்னும் பிறவினை உண்டு. கலங்கு – கலக்கு, அடங்கு – அடக்கு, முடங்கு – முடக்கு என வரும். மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிய, தானே நிகழ்ந்தது பிறர் செய்விப்பது ஆகிவிடுகிறது. தயங்கு என்பதற்கு மட்டும் ‘தயக்கினான்’ என்று வழக்கில் ஒரு பிறவினை இல்லை. ஒருவனை மயக்கலாம், கலக்கலாம், முடக்கலாம், தயக்க முடியாது. ‘தயங்கச் செய்தான்’ என்று இரு சொல் சேர்த்தே கூற வேண்டும். தயக்கம் ஒருவனுக்குள்ளே தானாகத் தோன்றுவது என்று தமிழ் மொழி எண்ணியது போலும். இது முழு உண்மையா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

பாடசாலையில் எங்களுக்குத் தர்க்க ஸங்க்ரஹம் பாடமாக இருந்தது. அந்நூல் ஸம்சயத்தை விளக்கக் காட்டும் உதாஹரணம், தூரத்தே நிற்பது கட்டையா, மனிதனா என்பதாகும். ஒரே பொருளில் ஒன்றுக்கொன்று மாறான தன்மைகள் சேர்ந்து தோன்றும் ஞானமே ஸம்சயம். தொல்காப்பியச் சொல்லதிகார உரையைப் புரட்டினால் அதே கட்டையும் அதே மனிதனும் ‘குற்றியோ மகனோ’ என்று அங்கேயும் நிற்கக் காணலாம். வடமொழித் தார்க்கிகனும் தமிழ் உரையாசிரியனும் ஒரே அந்திப்பொழுதில் ஒரே வழியில் நடந்தனர் போலும். தொல்காப்பியர் அதற்குமேல் ஒரு படி சென்று, ஐயம் உண்டான இடத்தில் எப்படிப் பேச வேண்டும் என்றும் விதி செய்திருக்கிறார். வருவது ஆணா பெண்ணா என்று தெரியாவிடில் பன்மையால் சொல்லுக. மனிதன்தானா என்பதே தெரியாவிடில் உருவு என்பது போன்ற பொதுச்சொல்லாலோ அஃறிணையாலோ சொல்லுக என்பது அவர் கருத்து. தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறாதே என்பதை ஓர் இலக்கண நூல் விதியாக வைத்திருக்கிறதென்றால், அம்மொழி பேசுவோர் ஐயத்தை இழிவாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

ந்யாய சாஸ்திரத்திலும் பதினாறு பதார்த்தங்களுள் மூன்றாவதாக ஸம்சயம் எண்ணப்பட்டுள்ளது. மீமாம்ஸையில் ஓர் அதிகரணம் அமைய வேண்டுமானால் விஷயம், ஸம்சயம், பூர்வபக்ஷம், ஸித்தாந்தம் என்ற வரிசையில்தான் போக வேண்டும். ஸம்சயம் இல்லாவிடில் விசாரமே இல்லை. “கேள்வி கேட்பவன் நாஸ்திகன்” என்று இக்காலத்துச் சிலர் சொல்லுவது, சாஸ்திரம் படியாதவர் சொல்.

ஸம்சயம் என்ற சொல்லின் தாதுவைப் பார்த்தால் நம்மவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அதன் தாது ‘சீ’, படுத்தல் என்று பொருள். சயனம் என்பதும் அதே தாதுவில் பிறந்ததே. பெருமாள் அனந்தன்மேல் சயனித்திருக்கிறார். நம் மனத்திலோ இரண்டு எண்ணங்கள் ஒரே பாயில் கூடிப் படுத்துக்கொண்டு ஒன்றையொன்று உறங்கவிடாமல் புரளுகின்றன. அதுவே ஸம்சயம். ஸந்தேஹம் என்பதற்குத் தாது ‘திஹ்’: பூசுதல், மெழுகுதல். தேஹம் என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது. ஒன்றின்மேல் ஒன்று பூசப்பட்டுப் பிரித்தறிய வொண்ணாமல் இருப்பது ஸந்தேஹம். சுவரில் சுண்ணாம்பின்மேல் காவி பூசியபின் எது அடியிலுள்ள நிறம் என்று சொல்லுவது கடினமல்லவா?

இதற்கு மாற்று என்ன? ஸ்ரீமத் பகவத்கீதையில் நான்காம் அத்யாயம் முடியும் இடத்தில் பகவான், ஸம்சயத்தை ஞானமாகிய வாளால் வெட்டிவிட்டு எழுந்திரு என்கிறார். தமிழில் துணிதல் என்றால் தீர்மானித்தல். அதே சொல்லுக்கு வெட்டுண்ணுதல் என்றும் பொருள் உண்டு. துணி, துண்டு என்ற சொற்களை நினைத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் என்பது ஒரு வெட்டு என்பதில் கீதையும் தமிழ் வழக்கும் ஒத்துப்போகின்றன. எண்ணுதலுக்குரிய இடம் துணிவுக்கு முன்புதான், துணிந்தபின் அன்று எனத் திருவள்ளுவர் 467-ஆம் குறளில் வரம்பு கட்டியதும் இப்பொருளைத் தெளிவாக்கும்.

எழுந்திரு என்று ஏன் சொல்ல வேண்டும்? அர்ஜுனன் உட்கார்ந்துவிட்டான். முதல் அத்யாயத்தின் கடைசி ச்லோகத்தில் வில்லை விட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்டான் என்று இருக்கிறது. மேடைப் பிரஸங்கங்களில் “அர்ஜுனன் தயங்கினான்” என்று சொல்லக் கேட்கிறோம். அடியேனுக்கு அது பொருத்தமாகப் படுவதில்லை. தயங்குபவன் நிற்பான், ஒரு காலாவது முன்னே இருக்கும். அமர்ந்தவன் கலங்கியவன், மயங்கியவன். தர்மம் எது என்பதில் மனம் மயங்கியவனாகவே அவனும் இரண்டாம் அத்யாயத்தில் தன்னைச் சொல்லிக்கொள்ளுகிறான். பதினெட்டாம் அத்யாயம் 73-ஆம் ச்லோகத்தில், ஸந்தேஹம் நீங்கியது, நிற்கிறேன் என்கிறான். உட்கார்ந்தவன் நின்றுவிட்டான். நிற்றல் என்ற ஒரு சொல் தயங்குபவனுக்கும் வருகிறது, உறுதிகொண்டவனுக்கும் வருகிறது. பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

பார்த்துப் பொருள் கொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீமத் ராமாயணம் யுத்த காண்டத்தில் விபீஷண சரணாகதியே சான்று. இலங்கையை விட்டு நால்வருடன் வந்த விபீஷணன் கடலின் வடகரையை அடைந்து வானத்திலேயே நின்றான். கீழே இறங்கவில்லை. இறங்காது நின்றமையால் அவனைத் தயங்கியவன் என்று கருதலாகாது. வந்த காரியத்தை உரக்கச் சொல்லிவிட்டான். அவன் அளவில் எல்லாம் துணிந்தாயிற்று. தயங்கியவர்கள் கீழே இருந்தவர்கள். சுக்ரீவன் இவனை ஒற்றன் என்றான். அங்கதன் சோதிக்க வேண்டும் என்றான். சரபன் ஒற்றரை அனுப்பலாம் என்றான். ஜாம்பவான் காலமும் இடமும் சரியில்லை என்றான். மைந்தன் கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்றான். அநுமான் ஒருவனே, வந்தவன் முகத்திலும் குரலிலும் தீமை காணவில்லை என்று காரணம் காட்டிப் பேசினான். இவ்வளவு நேரமும் வந்தவன் ஆகாயத்தில் நிற்கிறான்! மற்றவர்களின் யோசனையைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. யுத்த காலத்தில் எதிரியின் தம்பி வந்தால் யோசிக்கத்தான் வேண்டும். ஆயினும் உள்ளே இருப்பவர்களின் தயக்கம் வெளியே நிற்பவனுக்கு எவ்வளவு நீளமானது என்பதை அந்த ஸர்க்கங்களை மெல்லப் படிக்கும்பொழுது உணரலாம்.

இப்பொழுது, சந்தேஹமே இல்லாதவனும் தயங்குவான் என்று முன்பு சொன்னதற்கு வருகிறேன். திருப்பாணாழ்வாருக்கு அரங்கன்மேல் என்ன ஸந்தேஹம்? ஒன்றுமில்லை. உறையூரில் வளர்ந்தவர் அவர். காவிரியின் தென்கரையில் நின்றபடியே அரங்கனை நோக்கிப் பாடிக்கொண்டிருந்தார். ஆற்றைக் கடந்து கோயிலுக்குள் செல்லவில்லை. குரு பரம்பரை சொல்லும் வரலாறு இதுவே. தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்லியும், பாட்டில் ஆழ்ந்திருந்தமையால் அவர் செவியில் அது விழவில்லை. கல் வீசப்பட்டது, நெற்றியில் குருதி வந்தது. பின்பு அரங்கன் ஆணைப்படி அதே முனிவர் அவரைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே சென்றார். முனிவாஹனர் என்ற திருநாமமும் ‘அமலனாதிபிரான்’ என்னும் பத்துப் பாசுரங்களும் நமக்குக் கிடைத்தன.

அக்கரையில் அவர் நின்றதற்குத் தயக்கம் என்று பெயர் சொல்லலாமா? சிலர் அவருடைய நைச்யம், அடக்கம் என்பர். அதனை மறுக்கவில்லை. ஆனால் கடக்கக் கூடாது என்று ஊரார் விதித்து வைத்திருந்ததையும் மறக்கலாகாது. அதனாலன்றோ அரங்கன் ஆழ்வாரைப் பார்த்து வா என்று சொல்லாமல், முனிவரைப் பார்த்துச் சுமந்து வா என்றான்! தமிழில் ‘தயக்கு’ என்ற பிறவினை இல்லை என்று மேலே சொன்னேன். சொல் இல்லையே தவிர, அச்செயலை நம் முன்னோர் நெடுங்காலம் செய்துவந்தார்கள். மதுரையில் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், ஆலயத்துக்குள் வர விலக்கப்பட்டிருந்த சமூகத்தாரை அ. வைத்தியநாத ஐயர் அழைத்துக்கொண்டு மீனாக்ஷி அம்மன் கோயிலுக்குள் சென்றார். கக்கன் அவர்களும் உடன் சென்றவர்களுள் ஒருவர். நம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். அதே ஆண்டில் சென்னை ராஜதானியில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டமும் ஆயிற்று.

சட்டம் வாசலைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் அசைவு அவ்வளவு விரைவில் நிற்பதில்லை. உத்ஸவ நாள்களில் அர்ச்சகர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இது நன்கு தெரியும். தீர்த்தத்துக்குக் கை நீட்டும் வரிசையில் சிலருடைய கை முழுதும் நீளாது, பாதியில் நிற்கும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறிச் சென்று அந்தியில் திரும்பிய கோலத்துடன் வந்த பெண்கள், “குளிக்காம வந்துட்டேன் சாமி” என்று பின்னால் ஒதுங்குவார்கள். கணவரை இழந்த மூதாட்டி சடாரிக்குத் தலை குனியலாமா என்று அர்ச்சகர் முகத்தைப் பார்ப்பார். இவர்களுக்குப் பெருமாளிடம் ஐயம் கிடையாது; நம்மைவிட அதிக விசுவாஸம் உண்டு. தயக்கம் மட்டும் உண்டு. அது அவர்களுக்குள் தானாக முளைத்ததன்று. யாரோ எப்பொழுதோ சொன்ன ஒரு சொல், பார்த்த ஒரு பார்வை. ஆகையால், “தயங்குகிறார்கள்” என்று தன்வினையாகச் சொல்லி நாம் ஒதுங்கிவிடுவது இலக்கணத்துக்குச் சரி, நடந்ததற்குச் சரியன்று. ‘தயங்கச் செய்யப்பட்டார்கள்’ என்று நீட்டிச் சொல்ல வேண்டிய இடம் அது.

எல்லாத் தயக்கமும் இவ்வகைப்பட்டதன்று என்பதையும் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைவதற்குக் காரணமான பெரியாறு அணையையே எடுத்துக்கொள்ளலாம். மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று ராமநாதபுரம் ஸமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்தது 1789-இல். கால்டுவெல் என்ற அதிகாரி பார்த்துவிட்டு ஆகாது என்று எழுதியது 1808-இல். ஒப்பந்தம் 1886-இல், வேலை தொடங்கியது 1887-இல், பென்னிகுக் முடித்துத் திறப்பு விழா நடந்தது 1895-இல். நூறு ஆண்டுகளுக்கு மேல்! ஆனால் அதில் பெரும்பகுதி தயக்கமன்று, ஐயமே. முடியுமா என்பது அறிவைச் சேர்ந்த கேள்வி. அளவெடுத்துப் பார்த்தபின் அது தீர்ந்தது. இன்றும் ஜூன் மாதம் தண்ணீர் திறப்பார்களா என்று அணையின் நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டு நாற்றங்கால் போடாமல் நிற்கும் விவசாயியைத் தயங்குகிறான் என்று சொல்லலாம், தவறில்லை. அவன் தயக்கத்தில் விதை நெல் மிஞ்சுகிறது.

உடையவர் வாழ்விலும் அத்தகைய நிற்றல் ஒன்று உண்டு. மனத்தில் சில கேள்விகள் இருந்தன. முடிவு செய்யாமல் நின்றார். திருக்கச்சிநம்பி வாயிலாகப் பேரருளாளனிடம் விண்ணப்பிக்க, ஆறு வார்த்தைகளாக விடை வந்தது என்பது நம் ஸம்ப்ரதாயம். ஆறாவது வார்த்தை பெரிய நம்பியை ஆச்ரயிக்கும்படி. விடை கிடைத்ததும் உடனே ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் மதுராந்தகத்திலேயே பெரிய நம்பியைச் சந்தித்து அங்கேயே பஞ்ச ஸம்ஸ்காரமும் பெற்றார். திருவரங்கம் போய்ச் சேர்ந்தபின் ஆகட்டும் என்று அவர் சொல்லவில்லை. விடை தெரியுமுன் நிற்பதும், தெரிந்தபின் நில்லாமையும் ஆகிய இரண்டும் ஒருவரிடத்திலேயே இருந்தன.

எழுதுவோருக்கும் பேசுவோருக்கும் கடைசியாக ஒரு குறிப்பு. இவ்வினையின் எதிர்மறை ஏவல் ‘தயங்காதே’. மரியாதைக்குத் ‘தயங்காதீர்கள்’, ‘தயங்க வேண்டா’. எச்சமாகத் ‘தயங்காமல்’, ‘தயங்காது’. “தயங்காமல் கேளுங்கள்” என்பது இப்பொழுது எல்லா அறிவிப்புகளிலும் வழங்குகிறது. நல்ல வாக்கியந்தான். ஆயினும் பாதியில் நிற்கும் ஒரு கையைப் பார்த்துத் “தயங்காதீர்கள்” என்று சந்நிதியில் உரக்கச் சொன்னால், வரிசையில் உள்ள அனைவரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கை இன்னும் பின்வாங்கும். அங்கே இவ்வினையையே எடுக்காமல், “வாங்கோ அம்மா” என்று தீர்த்த வட்டிலை நாம் ஓர் அடி முன்னே கொண்டு செல்லுவது நலம். ஸ்ரீராமனும் ஆகாயத்தில் நின்றவனை நோக்கித் தயங்காதே என்று சொல்லவில்லை. அபயம் கொடுத்தேன், அவனை அழைத்து வா என்று சுக்ரீவனுக்கே கட்டளையிட்டான்.